ஒன்பது பெட்டிகளும் ஓர் ஏரியும்

(நிலப் பயன்பாடு, நிலக் கொள்கை பற்றிய மாணவர் ஆய்வுப் போஸ்டர் கண்காட்சியையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வுப் போஸ்டர்களுக்குப் பரவலாக வழக்கில் உள்ள அளவு ஏ-0. அகலம் 841 மில்லிமீட்டர், நீளம் 1,189 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர். திருமண வாழ்த்தும் காதுகுத்து அழைப்பும் அச்சாகும் அதே ஃபிளெக்ஸ் கடையில்தான், விடிந்தால் கண்காட்சி என்ற நிலையில், மாணவர்களின் போஸ்டரும் அச்சாகி வருகிறது. ஓர் ஊரின் ஏரி, வயல், மந்தைவெளி, சுடுகாடு, நத்தம், காலனி, நேற்று கல் நட்ட மனைப்பிரிவு எல்லாம் அந்த ஒரு சதுர மீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். எதை உள்ளே வைப்பது, எதை விட்டுவிடுவது என்று இருபது வயதுப் பிள்ளைகள் அங்கே முடிவெடுக்கிறார்கள். ஒரு மாநகரத்தின் மாஸ்டர் பிளானை வரைகிறவர்கள் எடுப்பதும் அதே வகையான முடிவுதான். அதனால்தான் இந்தப் போஸ்டர்களைக் கல்லூரி விழாவின் அலங்காரமாக நினைத்துக் கடந்துபோக முடியவில்லை.

இப்படிப்பட்ட போஸ்டர்களில் அநேகமாக ஒரு மூலையில் வட்ட வரைபடம் ஒன்று இருக்கும். காட்டுக்குப் பச்சை, சாகுபடிக்கு மஞ்சள், தரிசுக்குச் சாம்பல். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவ, பயிர் அறிக்கையிலிருந்து எடுத்த கணக்கு அது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 130 லட்சம் ஹெக்டேர். காடு சுமார் 21 லட்சம். மேய்ச்சல் நிலம் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். கணக்கு ஒன்பது வகையாகப் பிரிந்திருக்கும்: காடு, பயிரிட முடியாத வெற்று நிலம், வேளாண்மை அல்லாத பிற உபயோகத்தில் உள்ள நிலம், பயிரிடத்தக்க தரிசு, நிரந்தர மேய்ச்சல் நிலம், மரத்தோப்பு, நடப்புத் தரிசு, பிற தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 வாக்கில், நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்துக்கொண்ட பெட்டிகள் இவை. இன்று வரை பெரிதாக மாறவில்லை.

இந்த ஒன்பதில் ஏரி எங்கே இருக்கிறது?

சிறியதும் பெரியதுமாகச் சுமார் 40 ஆயிரம் ஏரி, கண்மாய்களைக் கொண்ட மாநிலம் இது. ஆனால் ஒன்பதில் ஒன்றுகூட நீர்நிலைக்கென்று தனியாக இல்லை. ஏரியும் ஆறும் வாய்க்காலும் ‘வேளாண்மை அல்லாத பிற உபயோகம்’ என்ற பெட்டிக்குள் போகின்றன. வீடு, தொழிற்சாலை, நெடுஞ்சாலை, ரயில் பாதை ஆகியவையும் அதே பெட்டிதான். இதன் விளைவை மாணவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். ஓர் ஏரியைத் தூர்த்து அதன் மேல் அடுக்குமாடி எழுப்பினால் அந்தப் பெட்டியின் எண்ணிக்கை நகராது. தண்ணீர் நின்ற இடத்தில் கான்கிரீட் நிற்கிறது. கணக்கில் நேற்று இருந்த எண்ணே இன்றும் இருக்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. சென்னை தியாகராய நகர் 1920-களில் உருவானது மாம்பலம் நீண்ட ஏரியை மூடிய நிலத்தில். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் மேல். மதுரையில் 2004-இல் செயல்படத் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை அமைந்திருப்பது உலகனேரிக் கண்மாயில். ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் ‘ஏரி’ மிச்சமிருக்கிறது. ஆண்டறிக்கையில் அந்தப் பரப்புகள் ஏரியாக இருந்தபோதும் அதே பெட்டிக்கு உரியவை, கட்டடமான பிறகும் அதே பெட்டிக்கு உரியவை. அந்த அறிக்கையை மட்டும் வைத்து வட்ட வரைபடம் போடும் மாணவர், தம் ஊரின் மிகப் பெரிய நில மாற்றத்தைத் தாம் அறியாமலேயே மறைத்துவிடுகிறார். தவறு மாணவருடையது அல்ல. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் அவர்தான்.

கண்டுபிடிப்பதற்கு வழி இருக்கிறது. கிராமக் கணக்கில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதில் ஒரு வரி. முதலில் புல எண், உட்பிரிவு. பிறகு தனியார் தீர்வை செலுத்தும் ரயத்துவாரி நிலமா, சர்க்கார் நிலமா என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. அடுத்து நஞ்சையா புஞ்சையா. ‘மண் வயனமும் ரகமும்’, அதாவது மண்ணின் இனமும் வகையும், என்று ஒரு பத்தி. இந்தத் தொடரை இன்றைக்கு அந்தப் பதிவேட்டுக்கு வெளியே கேட்பது அபூர்வம். பிறகு தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர். கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். ஏரி, களம், மேய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு என்று எழுதியிருப்பது அங்கேதான். ஊருக்குப் பொதுவானது எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் மாறினால் நிலத்தின் விதி மாறும். அதற்கு வருவாய்த் துறையில் வழங்கும் பெயர் வகைப்பாடு மாற்றம்.

‘தமிழ் நிலம்’ இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டின் விவரமும் புலப்படமும் கிடைக்கின்றன. தாத்தா காலத்தில் கர்ணம் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்து பார்த்ததை இன்று ஒரு மாணவி கைபேசியில் பார்க்க முடிகிறது. ஒரே புல எண்ணுக்கு மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் போஸ்டரே நல்ல போஸ்டர்: பதிவேட்டின் வரி, புலப்படம், அந்த இடத்தில் நின்று எடுத்த புகைப்படம். மூன்றும் ஒன்றையே சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் ஆய்வு அங்கே தொடங்குகிறது.

புறம்போக்கு என்ற சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். தீர்வை விதிப்புக்கு வெளியே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். சென்னை மாகாணத்தில் ஆளுநர் மன்றோ காலத்தில் ரயத்துவாரி முறை வேரூன்றியபோது, வரி தரும் நிலம் ஒருபுறமும் தராத நிலம் மறுபுறமும் எழுதப்பட்டன. வரி தராததில்தான் ஊரின் குடிநீரும் மாட்டுத் தீவனமும் இருந்தன. பின்னாளில் அது மனிதரைத் திட்டும் சொல்லாகவே ஆனது. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்த பிறகுதான் அந்த வசைக்குள் இருந்த நிலத்தைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே போதும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வரும்; அது நிரம்பி இந்தச் சதுப்பு நிலத்துக்கு வரும். இப்படித் தென்சென்னையின் பல ஏரிகளின் மிகைநீர் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். மழைநீரைத் தாங்கி வைத்து மெல்ல விடும் பெரும் பஞ்சு அது. விளையாத நிலம் என்பதால் நிர்வாகத்தின் கண்ணில் அது நெடுங்காலம் வீணான நிலமாகவே தெரிந்தது. பெருங்குடியில் குப்பைக் கிடங்கு வந்தது. சாலை வந்தது, நிறுவனங்கள் வந்தன, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ‘வீண்’ என்ற சொல்லுக்கும் ‘ராம்சர்’ என்ற சொல்லுக்கும் இடையில் இழந்தது எவ்வளவு என்பதை 2015 டிசம்பரில் வேளச்சேரி மக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தெரிந்துகொண்டார்கள்.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. அடையாறு, கூவம் கரைகளில் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்ட குடும்பங்கள் கொண்டுபோய் விடப்பட்டது எங்கே? ஒக்கியம் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும். இரண்டும் அதே சதுப்பு நிலத்தின் ஓரம். வெள்ளம் வரும் என்று ஆற்றங்கரையிலிருந்து எழுப்பியவர்களைத் தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் குடிவைத்தது எந்த நிலக் கொள்கை? ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியது. நல்ல சட்டம். ஆனால் குடிசை போகிறது, வளாகம் நிற்கிறது என்ற மக்களின் குறையைப் புள்ளி குறித்த வரைபடமாக ஆக்கிக் காட்டும் வேலையை மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர்கள் இல்லை.

செய்ய முடியுமா என்ற ஐயம் வேண்டாம். இந்த மண்ணில் நூறாண்டுக்கு முன்பே மாணவர்கள் செய்திருக்கிறார்கள்.

1915-இன் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியாருக்கு ஆக்கிக்கொண்ட வரலாற்றை ஆராய்ந்து 1907-இல் நூல் எழுதியவர். பொதுநிலம் எப்படி மறையும் என்று அறிந்தவர். சென்னையில் வகுப்பெடுக்கத் தொடங்கியபோது இந்தியக் கிராமத்தைப் பற்றி நம்பகமான விவரம் ஏதும் கையில் இல்லை. அவர் ஒன்று செய்தார். ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களே, அவரவர் ஊரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

எழுதிக்கொண்டு வந்தார்கள். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசி, அன்றைய தஞ்சை மாவட்டப் பாலக்குறிச்சி, அன்றைய இராமநாதபுரம் மாவட்ட வடமலாபுரம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான். யாருக்கு எவ்வளவு நிலம், நஞ்சை எவ்வளவு, குத்தகை என்ன, படியாள் எத்தனை பேர், கூலி நெல்லிலா பணத்திலா, கடன் யாரிடம். இந்தக் கட்டுரைகளும் சில பிற ஊர்களின் கட்டுரைகளும் சேர்ந்து 1918-இல் புத்தகமாயின. பட்டம் வாங்காத பிள்ளைகளின் விடுமுறைப் பாடம் அது.

அந்தப் பாடம் அங்கே முடிந்துவிடவில்லை. 1930-களில் பொருளியலர்களான பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுஆய்வு செய்ய ஏற்பாடு செய்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆய்வாளர்கள் போனார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே ஊரின் நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்று சொல்ல முடிகிற இடங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. 1916-இல் ஒரு மாணவர் தம் ஊரை நேர்மையாக எண்ணி வைத்ததால் இருவேல்பட்டுக்கு அது வாய்த்தது.

கங்கைகொண்டானுக்கு இன்று போகிறவர் காண்பது வேறு உலகம். சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. சுமார் 288 ஹெக்டேர். குளத்துப் பாசனமும் மேய்ச்சலும் பேசப்பட்ட ஊரில் தொழிற்சாலையும் மானும் பக்கத்துப் பக்கத்தில். நெல்லைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்? முதல் பத்தியை 1916-இன் மாணவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்.

கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. 1930-களில் பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலர் நாட்டின் ஒவ்வொரு வயலையும் குறிக்கத் திட்டமிட்டார்.  நடந்து குறித்ததில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகளுடையது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் என்று சொல்வார்கள். உழுநிலத்துக்குப் பழுப்பு, புல்வெளிக்கு இளம்பச்சை, கரம்புக்கு மஞ்சள். இரண்டாம் உலகப் போர் வந்து உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது எந்தப் புல்வெளியை உழலாம் என்று அரசாங்கம் புரட்டிப் பார்த்தது இந்தப் படங்களை. ஸ்டாம்ப் துணைத்தலைவராக இருந்த குழு 1942-இல் ஊரக நிலம் பற்றி அறிக்கை தந்தது. 1947-இன் ஊரமைப்புச் சட்டத்துக்கு வழியமைத்தவற்றில் அந்த அறிக்கையும் ஒன்று.

இப்போது பிள்ளைகளுக்கு நடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உண்டு. 2008-க்குப் பிறகு காசில்லாமல் கிடைக்கின்றன. சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை படம் தருகிறது. அருமையான வசதிதான். ஆனால் இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய் ஒன்றை மே மாதப் படத்தில் பார்த்தால் வெற்று நிலம். டிசம்பர் படத்தில் நீர்நிலை. எந்த மாதத்துப் படம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குழி சீமைக் கருவேலம். கண்மாய் உள்வாய் முழுக்க மண்டிக் கிடக்கும் கருவேலம் செயற்கைக்கோளுக்குச் செழிப்பான பச்சை. கணினி அதைத் தாவரப் பரப்பு என்று வண்ணம் தீட்டும். போஸ்டரில் ‘பசுமைப் பரப்பு கூடியிருக்கிறது’ என்று முடிவு வந்துவிடும். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்தையும் பார்க்கலாம். கருவேலத்தை அடியோடு அகற்ற வேண்டும் என்று எழுதும் கொள்கை அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி சொல்கிறது என்ற கேள்வி, படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு வராது.

நடக்காமல் தெரியாத இன்னொன்று, போஸ்டர்களில் அநேகமாக வராத ஒன்று, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. அந்தச் சமூகத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்பதே நிபந்தனையின் உயிர். எத்தனையோ ஊர்களில் அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. பயன்பாட்டு வரைபடத்தில் அது வெறும் ‘புஞ்சை’. யாருடைய புஞ்சை என்று கேட்கத் துணியாத ஆய்வு பாதி ஆய்வுதான்.

கொள்கைப் பக்கமும் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவை உயர் நீதிமன்றம் 2016-இல் தடுத்தது. மறுஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. காவிரி டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. 2022-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஏரிகளும் நஞ்சையும் சூழ்ந்த ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்து நின்றார்கள். 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது; திட்டப் பரப்புக்குள் அகப்படும் நீர்நிலைகளை எப்படிக் கையாள்வது என்பதே அதன் மையம். டெல்டாவில் வயலைக் காக்கும் சட்டமும் பெருந்திட்டத்துக்குள் ஏரியைச் சேர்த்துக்கொள்ள வழி தரும் சட்டமும் மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே சட்டமன்றத்தில் நிறைவேறியவை. இரண்டையும் ஒரே போஸ்டரில், ஒரு டெல்டா கிராமத்தையும் ஒரு காஞ்சிபுரம் கிராமத்தையும் வைத்து ஒப்பிட்டால், பல நாள் விவாதத்துக்குப் பொருள் கிடைக்கும்.

சென்னைக்கு நேரமும் கூடி வந்திருக்கிறது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்குமானது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். அரக்கோணம் பக்கத்து ஏரியும் காஞ்சிபுரத்து வயலும் இனி மாநகரத் திட்டத்தின் வண்ணத்துக்குள் வருகின்றன. வரைவுத் திட்டத்தின் மீது மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். புல எண்ணோடு, புகைப்படத்தோடு, தேதியோடு ஒரு மாணவர் போஸ்டர் அங்கே போய்ச் சேர்ந்தால் அதற்கு எடை உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள், மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும். கண்காட்சி முடிந்ததும் போஸ்டரைச் சுருட்டித் துறை அலமாரியின் மேல் போட்டுவிடாதீர்கள். அதை யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களிடம் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஊராட்சி அலுவலகத்து வேப்பமரத்தடியில் அந்த ஒரு சதுர மீட்டரை விரித்துக் கட்டுங்கள். ஏரியின் புல எண்ணைத் தூரத்தில் நிற்கும் பாட்டியும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். வரைபடத்தில் தவறு இருந்தால் அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்; குறித்துக்கொண்டு வந்து திருத்துங்கள்.